புதுசே வாங்கிடலாம்

"இன்னும் லேக் அடிக்குதுக்கா, படம் தாவுது," என்றான் தம்பி, கேம் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு.

திரையில் அவனுடைய சிவப்புக் கார் பாலத்துச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு மாடி முழுக்க இருக்கும் கணினிகளுக்கு அவள்தான் வைத்தியம். அங்கே யாராவது மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று வந்து நின்றால், முதலில் நன்றாகத் திட்டிவிட்டுத்தான் தொடுவாள். தம்பியைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

இன்றைக்குக் கணினியின் மூளையான ப்ராசஸரின் அடிமடியிலேயே கை வைத்தாள். வேலை குறைந்ததும் தானாக வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பழக்கம் அதற்கு. அதை நிறுத்தினாள். அதற்குள் வேலையைப் பங்குபோட்டுச் செய்யும் கோர்கள் சும்மா இருந்தால் நடுவில் கொஞ்சம் கண் அயரும். இனி அதுவும் கிடையாது. பின்னால் ஓடும் சில்லறை வேலைகளை எல்லாம் ஒரு ஓரத்தில் இரண்டு கோர்களுக்குள் அடைத்துவிட்டு, மீதி அத்தனையையும் கேமுக்கே எழுதிவைத்தாள், சொத்தைச் செல்லப் பிள்ளைக்கு எழுதிவைப்பது போல.

பெட்டிக்குள் இருந்த குட்டி ஃபேன் ஊரைக் கூட்டியது.

திரையின் வலது மேல் மூலையில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் அவள்தான். படம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அங்கே காட்டும் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி ஓட்டுவாய் என்று தம்பியிடம் காரணம் சொல்லியிருந்தாள். அவனும் நம்பிவிட்டான்.

தாளுக்கு அடியில் நம்பர் மட்டும் ஓடவில்லை, ஒரு கோடும் ஓடியது. படம் எங்கே தடுமாறினாலும் அந்த இடத்தில் கோடு குத்தென்று எழும்பும்.

தம்பி லேக், லேக் என்று கத்திய நேரத்திலெல்லாம் அது எழும்பவே இல்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த அன்றைக்குத்தான் தாளை வெட்டி ஒட்டினாள்.

அப்பாவுக்கும் டிவியில்தான் ஆரம்பித்தது. நடுநடுவே படம் தாவுகிறது என்றார். மெக்கானிக் வந்தார், ஒயரை மாற்றினார், போனார். திரும்ப வந்தார். "விடுங்க, புதுசே வாங்கிடலாம்," என்றாள் அம்மா. வாங்கினார்கள். புது டிவியிலும் தாவியது.

தாவியது டிவி அல்ல, அப்பா. நடுவில் சில நொடிகள் எங்கோ போய்விட்டு வந்துகொண்டிருந்தார். போகப் போக அது நீண்டது. கடைசியில் ஒரு தடவை போனவர் வரவே இல்லை. ரத்தத்தில் வருவது, மருந்து கிடையாது, பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். பார்த்துக்கொள்வது என்றால் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை.

தம்பியின் பைக் சாவி இப்போது அக்காவின் கைப்பையில் அடியாழத்தில் கிடக்கிறது. சாவியைக் காணோம் என்று அவன் தேடியபோது அவளும் கூடவே கட்டிலுக்கு அடியில் புகுந்து தேடினாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கார் தாவுவதை அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் பழி மெஷின் மேல். கோடு பொய் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தம்பி பிழைத்தான்.

ஆனால் அவள் ஓட்டியபோதெல்லாம் அந்தச் சனியன் வழுக்கிக்கொண்டு ஓடித் தொலைத்தது.

"தள்ளுடா," என்று ஸ்டீயரிங்கை வாங்கிக்கொண்டாள். தம்பி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான். அம்மா சமையலறையில் இருந்தாள். கேம் ஓடும்போது இந்த அறைப் பக்கமே அவள் தலை காட்டுவதில்லை.

கார் கிளம்பியது. பெட்ரோல் பங்க், கடற்கரை, வளைவு, பாலம். பாலத்தில் பாதி.

கார் ஒரு வேலியை உடைத்துக்கொண்டு புல்வெளியில் கிடந்தது.

நடுவில் ஒன்றுமே இல்லை. பாதிப் பாலம், அப்புறம் புல்வெளி.

அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. மெஷின்தான். மெஷினேதான். பாழாய்ப்போன மெஷினே, நீ நல்லா இரு. இன்றைக்கே பைக் சாவியைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும்.

"பாத்தியாடா! தாவுச்சு, பாத்தியா!"

"எங்க தாவுச்சு?" தம்பி சிரித்தான். "சூப்பரா ஓடுச்சு. நீதான் ஸ்டீயரிங்கத் திருப்பாம நேரா வேலியில கொண்டுபோய் விட்ட. அக்கா, அக்கான்னு கத்துறேன், காதுலயே வாங்கல. ஒரு லேக்கும் இல்லக்கா, நீ சரி பண்ணிட்ட!"

அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. மூலையில் இருந்த தாளைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை.

அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தம்பி குதித்துக்கொண்டு திரும்பினான். அம்மா கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவன் கத்திய சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். எப்போது வந்தாள் என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

அம்மா திரையைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தாள்.

"எதுக்கும் புதுசே வாங்கிடலாம்டி," என்றாள்.