சங்கு ஊதினால் அலை

சங்கு ஊதியதுதான் தாமதம், பன்னிரண்டு பெண்களும் விழுந்தடித்துக்கொண்டு தண்ணீரை விட்டு ஏறி, ஈரம் சொட்டச் சொட்ட வரிசையாய் நின்றார்கள்.

அவர்கள் ஏறினார்களோ இல்லையோ, மெஷின் வைத்து அலை எழுப்பும் அந்தக் குளத்தின் மறுகோடியிலிருந்து அலை புறப்பட்டது. அடேயப்பா, ஆளுயர அலை! உள்ளே நின்ற கொழும்புப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக் குதித்தார்கள். அலை வரப்போகிறது, தயாராய் இருங்கள் என்று சொல்லத்தான் அந்தச் சங்கு என்பது பசறைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? வேலைக்குப் போகச் சங்கு, கொழுந்து நிறுக்கச் சங்கு என்று இருபது முப்பது வருஷம் பழகிய கால்கள். நம்மிடம் கேட்டுக்கொண்டா ஓடும்?

“அலை பாக்க வந்து, அலைக்கு வழி விட்டுட்டு நிக்கிறோமேடி!” என்று யாரோ சொல்ல, சிரிப்பு வெடித்தது.

ஜெபமலரும் சிரித்தாள். அவளும் ஓடி வந்தவள்தான். பழக்க தோஷத்தில் வரிசைக்கு முன்னால் போய் நின்றிருந்தாள். கடைசியில் நின்ற பாக்கியலெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை.

ஜெபமலருக்குச் சுருக்கென்றது.

இந்தப் பயணத்துக்கு ஓடியாடி பஸ் பிடித்தவள் அவள். வரமாட்டேன் என்ற பாக்கியத்துக்கு ஆள் மேல் ஆள் விட்டுச் சம்மதம் வாங்கியவளும் அவள்தான். லயத்து வரிசை வீடுகளில் இருவருக்கும் அடுத்தடுத்த காம்பரா. ஒரு மாதமாகப் பாக்கியம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் திரும்புவதற்குள் பேச வைத்துவிட வேண்டும் என்று ஜெபமலர் மனதுக்குள் சபதமே போட்டிருந்தாள்.

ஒன்றும் பலிக்கவில்லை. நேற்று மிருகக்காட்சிசாலையில் ஒட்டகச்சிவிங்கி நாக்கை நீட்டி உச்சி இலையை ஒடித்தெடுத்த லாவகத்தைப் பார்த்து எல்லோரும் சொக்கிப் போனார்கள். “நம்மளவிட கெட்டிக்காரி,” என்றாள் பாக்கியம், ஜெபமலரைத் தவிர மற்ற எல்லோரிடமும். பிறகு போன கொழும்பின் உயரக் கோபுரத்து உச்சியில் லிப்ட் திறந்தபோது கடலும் கப்பலும் ஊரும் ஒன்றாய்க் காலடியில் கிடந்தன. ஜெபமலருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்லத் திரும்பினாள். பாக்கியம் வேறு கண்ணாடி ஜன்னலுக்குப் போயிருந்தாள்.

இன்றைக்கு இந்தக் குளம். மதிலுக்குள் ஒரு கடலையே கட்டி வைத்திருக்கிறார்களே, மகராசன்கள்! தரையெல்லாம் நீலம். தண்ணீரில் ஒரு தூசு இல்லை, ஒரு அட்டை இல்லை. மகள்மாரின் டீசேர்ட்டுகளை மாட்டிக்கொண்டு பெண்கள் சின்னப் பிள்ளைகளாகிவிட்டார்கள்.

கடைசிச் சுற்று மூன்று மணிக்கு. அதோடு பஸ் ஏற வேண்டியதுதான்.

இந்த முறை ஒருத்தியும் ஏறக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். ஜெபமலர் மெல்ல நகர்ந்து பாக்கியத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

சங்கு ஊதியது.

ஐயோ, கால் கேட்டால்தானே! பத்துப் பேர் பாதி தூரம் ஓடிவிட்டார்கள். ஜெபமலரின் காலே ஒரு எட்டு வைத்துவிட்டது. பாக்கியமும் திரும்பினாள். ஜெபமலர் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நில்லு பாக்கியம். ஓடாத.”

பாக்கியம் கையை உதறவில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு ஜெபமலரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“சங்குக்குப் பிந்தினா அன்னைக்குச் சம்பளத்துக்குப் பேர் போட மாட்டீங்களே, கங்காணியம்மா. புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லியும் அன்னைக்கு என்னத் திருப்பி அனுப்புனீங்களே.”

ஜெபமலர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வாய் நிறைய அலை.

அது இரண்டு பேரையும் தூக்கிப் புரட்டிப் போட்டது. இருமிக்கொண்டு எழுந்தபோது, பிடித்திருந்த கையை ஜெபமலர் எப்போதோ விட்டிருந்தாள். பாக்கியம்தான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“தப்புத்தான் பாக்கியம். அன்னைக்கு நான் செஞ்சது...”

“அடுத்த அலை வருது,” என்றாள் பாக்கியம். “வாய மூடுங்க.”

பெண்களை வேலை வாங்கும் கங்காணியாகிப் பதினொரு வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஜெபமலர் சந்தோஷமாக மூடிக்கொண்டாள்.