ஊர் கேட்ட அடையாளம்

"ஏரி மதகுக்கு எத்தினி கண்ணு?" என்று கேட்டார் பஞ்சாயத்துத் தலைவர் சுப்பராயன்.

"ரெண்டு. ஒண்ணு அப்பவே மண்ணு மூடித் தூந்துபூட்ச்சி" என்றான் தாடிக்காரன்.

நாற்பத்தேழில் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு ஊரைவிட்டுப் போன நாகப்பன் தான்தான் என்று, பதினைந்து வருஷம் கழித்து நேற்று வந்து நின்றான். அம்மை வார்த்த முகம், பாதி நரைத்த தாடி. ஊரில் யாருக்கும் ஆள் பிடிபடவில்லை. நாகப்பன் பெண்டாட்டி கங்கா மட்டும் பார்த்த மாத்திரத்தில் அழுதாள்.

அண்ணன் பரசுராமன் ஒப்பவில்லை. தம்பி செத்துப்போனான், ஆம்பளை இல்லாத வீட்டுக்கு நிலம் எதற்கு என்று கங்காவை ஆடிக்குள் காலி பண்ணச் சொல்லியிருந்தவன் அவன். வந்தவனை ஊரைச் சுற்றிக் கூட்டிப் போங்கள், ஒரு இடம் தப்பினாலும் ஆள் பொய் என்றான்.

காலையிலிருந்து நடந்தார்கள். கங்கா கடைசியாகப் போனாள். பதினைந்து வருஷம் ஒற்றையாய் ஏர் பிடித்து, மூத்தாரோடு மல்லுக்கட்டி ஓய்ந்த உடம்பு. கால் எடுத்து வைக்க முடியவில்லை.

செல்லியம்மன் கோயில் வாசல் எந்தத் திசை, ஐயனார் குதிரைக்கு எந்தக் காது மூளி, எல்லாம் சரியாகச் சொன்னான். கடைசியில் கங்காவின் கொல்லைக்கு வந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு கம்மலையும் கறவை மாட்டையும் விற்று அவள் வெட்டிய கிணறு அங்கே இருந்தது.

"பதினெட்டுப் படி" என்றான், யாரும் கேட்குமுன், எட்டிப் பார்க்காமலே.

கங்கா சட்டென்று முன்னால் வந்தாள். வெயில் ஏறிவிட்டது, எல்லாரும் ஒரு வாய் மோர் குடியுங்கள் என்றாள்.

தலைவருக்கும் கால் விட்டுப்போயிருந்தது. மோரைக் குடித்தார், இவன் நாகப்பன்தான் என்றார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பரசுராமன் பின்னால் போனான்.

கங்கா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். எதிரே அவன் சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தான்.

பிறகு மெல்லச் சொன்னாள்: "நான் சொல்லிக்குடுத்ததுல ஒண்ணு கூட நீங்க மறக்கல. ஆமா, உங்க பேரு இன்னா?"