பன்னிரண்டு நாள் கஞ்சி

"எங்க வீட்டுக்காரருக்குப் பேதி குடுத்துக் கொல்லப் பாக்குற டாக்டர் நீங்கதானா?"

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள் கோமதி. பின்னாலேயே ஓடி வந்த வரவேற்புப் பெண், "மாஷிமா, டோக்கன்... டோக்கன்" என்று வங்காளத்தில் அத்தை முறை வைத்துக் கெஞ்சினாள்.

டாக்டர் பிரியம்வதா அந்தப் பெண்ணைப் போகச் சொல்லிக் கைகாட்டினாள். காளிகாட் மெட்ரோவுக்குப் பின்சந்தில், ஒரு மாடியில் இருந்தது அவளுடைய ஆயுர்வேத மருத்துவமனை. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழில் சண்டை போட அங்கே யாரும் வந்ததில்லை.

"உட்காருங்கம்மா. உங்க கணவர் பேரு?"

"உக்கார வரல. சுந்தரேசன். துறைமுகத்துல வேல. தூத்துக்குடியில இருந்து மாத்தலாகி வந்து நாலு வருஷமாகுது." நான்காக மடித்த தாள் ஒன்றை மேசைமேல் வைத்தாள். "அவுக சட்டைய ஊறப்போட எடுத்தேன். பையில இது கெடந்தது. உங்க முத்திரைதான?"

"ஆமா, நான் எழுதினதுதான்."

"இங்கிலீஷ் எனக்கும் வாசிக்கத் தெரியும். பேருகூடப் போடாம, சாப்பிட்டா நெஞ்செரிச்சல், விடியக்காலம் வயித்துவலி, ஆறு மாசத்துல எட்டு கிலோ கொறைவுன்னு எழுதியிருக்கீங்க. எட்டு கிலோவா? போன துர்கா பூஜைக்குத் தச்ச பேண்ட்டு அவுகளுக்கு இப்ப இடுப்புல ஏற மாட்டேங்கு. கல்லத் தின்னாலும் செரிக்கிற வயிறு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள் வயித்தவலின்னு படுத்ததில்ல. நல்லா இருக்க மனுசன நோயாளின்னு நம்ப வச்சிருக்கீங்களே, உங்களுக்கே இது நியாயமா இருக்கா?"

பிரியம்வதா பதில் சொல்ல வாயெடுத்தாள். கோமதி விடவில்லை.

"பன்னெண்டு நாளா அரிசிக் கஞ்சியும் பாசிப்பருப்பும்தான். புளி கூடாதாம், மொளகாக் கூடாதாம். இலிஷ் மீன் வந்து குமியிற மாசத்துல மீன் வாசமே ஆகாதுன்னுட்டாக. கேட்டா வயித்தச் சுத்தம் பண்ணப் போறேன்னு சொல்லுதாக. அடுத்து பேதி மருந்து, அதுக்கடுத்து எனிமா, அப்படித்தான?"

"எல்லாருக்கும் அப்படி இல்லம்மா..."

"எனக்குத் தெரியும். எங்க குவார்ட்டர்ஸ்ல ஒரு பெங்காலிக்காரரு, எவனோ வித்தான்னு ஏழு நாள்ல குடல் சுத்தம்னு ஒரு பொடிய வாங்கித் தின்னாரு. மூணாம் நாளு மயங்கி விழுந்துட்டாரு. சலைன் ஏத்தித்தான் உசுரக் காப்பாத்துனாக. அதே கதி எங்க வீட்டுலயும் வரணுமா?"

பிரியம்வதாவின் முகம் இறுகியது. "அந்தப் பொடியை வித்தவன் மேல உங்களுக்கு இருக்கிற அதே கோபம் எனக்கும் இருக்கு. பேதி குடுக்கறது விளையாட்டு இல்ல. முதல்ல சாப்பாட்டை லேசாக்கணும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்க்கணும். உடம்பு தாங்கும்னு தெரிஞ்ச பிறகுதான் யோசிக்கவே செய்வேன். எடை குறைஞ்சிருந்தா கிட்டயே போக மாட்டேன். உங்க கணவருக்கு நான் ஒரு சொட்டு மருந்துகூடத் தரல."

"அப்ப எதுக்குக் கஞ்சி?"

"கஞ்சி மட்டும் நான்தான் சொன்னேன்."

"சொல்லிட்டீங்க, நோகாம. வீட்டுல நாங்க ரெண்டே பேரு. பையன் பெங்களூர்ல இருக்கான். அவுகளுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு தனித்தனியா ஆக்கவா முடியும்? நானும் பன்னெண்டு நாளா அதே கஞ்சியத்தான் குடிக்கேன்."

பிரியம்வதா பேனாவை எடுத்தாள். "தினமும் குடிச்சீங்களா? ஒரு நாள்கூட விடாம?"

"புருசன் கஞ்சி குடிக்கும்போது நான் மட்டும் மீன்கொழம்பு வச்சித் திம்பேனா? என்ன பேசுதீங்க?"

"இப்ப எரிச்சல் எப்படி இருக்கு?"

"அவுகளுக்கு எரிச்சலே கெடையாதுன்னுதான இவ்வளவு நேரமாத் தொண்ட கிழியச் சொல்லுதேன்." கோமதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. "அந்த ஃபைல எடுங்க. அதுல அவுக பேரக் கிழிச்சிப் போடுங்க. இனிமே அவுக இங்க வர மாட்டாக."

பிரியம்வதா இழுப்பறையிலிருந்து ஒரு மெல்லிய ஃபைலை எடுத்து, கோமதி பக்கம் திருப்பி வைத்தாள். "நீங்களே கிழிங்க."

கோமதி அட்டையைப் புரட்டினாள். முதல் பக்கத்தின் மேல் வரியில் கை அப்படியே நின்றது.

நோயாளியின் பெயர்: கோமதி சுந்தரேசன். வயது ஐம்பத்தொன்று.

"'விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து, குழாயைத் திறந்து விட்டுட்டு, வயித்தைப் பிடிச்சிக்கிட்டு அழறா. நான் தூங்கறேன்னு நினைச்சிட்டிருக்கா'ன்னு உங்க கணவர் வந்து சொன்னார். ஆளைப் பார்க்காம மருந்து தர மாட்டேன், கூட்டிட்டு வாங்கன்னேன். 'அவளுக்குன்னா எந்த டாக்டர்கிட்டயும் வர மாட்டா, ஆறு மாசமாக் கூப்பிட்டுப் பார்த்தாச்சு. நான் கஞ்சி குடிக்க ஆரம்பிச்சா, ரெண்டே வாரத்துல உங்ககூடச் சண்டை போட அவளே வந்துருவா'ன்னார்."

பிரியம்வதா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டீங்க. உட்காருங்கம்மா, நாக்கை நீட்டுங்க."