ஒற்றைக் கரண்டியில் தரையிறக்கம்

சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்து மகள் விமானம் ஓட்டுகிறாள். உரிமம் இருக்கிறது, இருநூறு மணி நேரம் பறந்த கணக்கும் இருக்கிறது, சீந்தத்தான் ஆளில்லை. அதிசயமாக ஒரு கம்பெனி நாளைக்குத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறது. அட்டைப்பெட்டியில் செருகிய இரண்டு கரண்டிகள் இரண்டு எஞ்சின்களின் கைப்பிடிகள். காலடியில் ஒரு ஜோடி செருப்பு, மிதிகளாக. அவள் துணை விமானி என்பதால் கேப்டன் நாற்காலி, சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டாத அப்பாவுக்கு வாய்த்திருக்கிறது. இடுப்பில் துண்டை பெல்ட்டாகக் கட்டிக்கொண்டு, எஞ்சின் உறுமலையும் அவரே வாயால் கொடுக்கிறார். சன்னல் வெயில் மேஜைமேல் ஓடுபாதைபோல நீண்டு கிடக்கிறது. "அடுப்புல அடிபிடிக்குது, கரண்டி எங்கடி?" அம்மா வந்து இடப்பக்கக் கரண்டியை உருவிக்கொண்டு போகிறாள். "ஐயோ, ஒரு எஞ்சின் போச்சே!" அப்பாவின் உறுமல் பாதியாகிறது. மகளுக்கு முகம்கூட மாறவில்லை. வலது செருப்பை அழுத்தி மிதித்து, மிச்சமிருக்கும் கரண்டியை மெல்ல முன்னே தள்ளுகிறாள். "நேராத்தான்பா போகுது. பயப்படாதீங்க." அவருக்கு மூச்சு வருவதற்குள் அம்மா மறுபடியும் வந்து கையை நீட்டுகிறாள். "அதையும் குடுங்க." அப்பா துண்டில் இன்னொரு முடிச்சு போட்டுக்கொண்டு கெஞ்சுகிறார்: "கொஞ்சம் பொறும்மா, தரையிறங்கிட்டுத் தர்றோம்!"