பட்டாளத்துக் கட்டம்

"இந்தத் துணியை உடுத்த உங்களுக்கு உரிமை கிடையாது" என்றார் அந்தத் தாடிக்காரர்.

ஜெயலீலா நிமிர்ந்து பார்த்தாள். அவள் பெயரைக் கூப்பிட இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. கையில் பேக்பைப் என்ற ஸ்காட்லாந்து ஊதுவாத்தியம். இடுப்பில் கருநீலமும் கரும்பச்சையும் கட்டம் போட்ட கில்ட் பாவாடை, முழங்கால்வரை.

குடியேறிய வெளிநாட்டு ஊரான ரிச்சர்ட்சனிலிருந்து ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணி, கணவன், மாமனாரோடு அந்த ஸ்காட்லாந்து விழாவுக்கு வந்திருந்தாள். புதிதாக வாசிப்பவர்களுக்கான போட்டி. நாற்பத்தொரு வயதில் அவள் ஏறப்போகும் முதல் மேடை.

தாடிக்காரர் தலைமுதல் கால்வரை ஜோடனையாக இருந்தார். தொப்பியில் வெள்ளி பேட்ஜ், கோட்டில் பித்தளைப் பொத்தான்கள். அவள் கட்டியிருப்பது ஒரு பழைய ஸ்காட்லாந்துப் பட்டாளத்தின் அடையாளக் கட்டமாம். அதைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பேர் போரில் செத்திருக்கிறார்களாம். பட்டாளத்தில் இல்லாதவர்கள் அதைப் போடுவது அவமரியாதையாம். நாகரிகம் தெரிந்தவராக இருந்தால் கழற்றிவிடுவீர்கள் என்றார். வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது.

அவளிடம் வேறு கில்ட் இல்லை. பேப்பரில் விளம்பரம் பார்த்துப் பழையதாக வாங்கியது அது ஒன்றுதான். கில்ட் இல்லாமல் மேடை ஏறக்கூடாது என்பது போட்டியின் விதி.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் நண்பர் ஒருவரின் அடக்கத்தில்தான் அந்த வாத்தியத்தை முதலில் கேட்டாள். அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரமே வகுப்பில் சேர்ந்துவிட்டாள். கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பாள். "அம்மா, ப்ளீஸ்" என்று பிள்ளைகள் இரண்டும் காதைப் பொத்திக்கொள்ளும். அப்படியும் விடவில்லை.

கிருபைராஜ் மனைவியின் காதருகே குனிந்தான்.

"வம்பு வேணாம் லீலா. ஸாரி சொல்லிட்டு வந்துரு. அடுத்த வருஷம் டிரை பண்ணிக்கலாம்."

அவள் கண் தானாக மாமனார் பக்கம் போனது.

ஞானசிகாமணி திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. சர்ச் சபையில் மூப்பர். காலையில் மருமகள் முழங்கால் தெரிய மாடியிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. காரிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவர்களைவிட அவர் என்ன நினைப்பார் என்பதுதான் அவளுக்குப் பெரிய கவலை.

இப்போது அவர் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சரி, இவரும் சேர்ந்து திட்டப்போகிறார் என்று ஜெயலீலா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் அவளிடம் வரவில்லை. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போட்டியை நடத்திக்கொண்டிருந்த பெண்மணியிடம் போனார். நிறுத்தி நிதானமாக இங்கிலீஷில், விதி என்ன என்று கேட்டார். அந்தப் பெண்மணி கூடவே வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"கில்ட் வேண்டும் என்பதுதான் விதி. எந்தக் கட்டம் என்று விதி இல்லை. இந்தத் துணி காலங்காலமாகக் கடையில் விற்கிறது, யாரும் போடலாம். பட்டாளத்து பேட்ஜை மட்டும் அங்கே வேலை பார்த்தவர்கள்தான் போட வேண்டும். மரியாதை என்றால் அதுதான்."

ஞானசிகாமணி தாடிக்காரர் பக்கம் திரும்பினார்.

"சார், உங்க தொப்பியில இருக்கறது அந்தப் பட்டாளத்து பேட்ஜ்தானே?"

"ஆமாம்."

"எந்த வருஷம் சேர்ந்தீங்க?"

தன் குடும்பத்துக்கே அந்தப் பட்டாளத்தின்மேல் பெரிய மரியாதை உண்டு என்றார் தாடிக்காரர்.

"சந்தோஷம் சார். எந்த வருஷம்?"

குரல் உயரவில்லை. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். பதில் வரும்வரை நகரப்போவதில்லை என்பதுபோல் நின்றார். வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தாடிக்காரரின் கழுத்து சிவந்தது. தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து போய்விட்டார்.

மேடையில் ஜெயலீலாவின் பெயரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டார்கள்.

அவள் ஏறினாள். முதல் மூச்சில் பைக்குள் காற்று நிறைந்தது. இரண்டாவது மூச்சில் ராகம் கிளம்பியது. கராஜுக்குள் நாலு வருஷம் அடைபட்டுக் கிடந்த சத்தம் மைதானம் முழுக்கப் பரவியது. தூரத்தில் கயிறு இழுக்கும் போட்டியில் இருந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்றார்கள். கடைசி ஸ்வரம் ஓய்ந்தபோது முதலில் எழுந்து கைதட்டியது கிருபைராஜ்.

முதல் பரிசு அவளுக்குத்தான்.

மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நேராக மாமனாரிடம் வந்தாள். "காலையிலேர்ந்து பேசவே இல்லையே மாமா. கோபம்னு நினைச்சேன்."

"பரீட்சைக்குப் போற பிள்ளைகிட்ட வழியில பேசலாமாம்மா? கவனம் சிதறிரும்லா."

போட்டி நடத்திய பெண்மணி வந்து அவர் கையைக் குலுக்கினாள். நீங்கள் நின்ற நிலையைப் பார்த்தாலே தெரிகிறது, இந்திய ராணுவத்தில் எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்று மரியாதையோடு கேட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே மருமகளைப் பார்த்தார்.

"பட்டாளமா? முப்பத்தோரு வருஷம் ரயில்ல டி.டி.ஆரா இருந்தேன்னு சொல்லும்மா. வித்தவுட்ல வர்றவன்தான் பக்கத்து சீட்டுக்காரன்ட்ட டிக்கெட் இருக்கான்னு கேப்பான்."