பேகல் சாப்பிடும் வேட்பாளர்

பீம்ராவ் கதவை அகலமாகத் திறந்து வைத்து, நாற்காலியை வராந்தா வரைக்கும் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட உட்கார்ந்தார். மூன்றாவது மாடியில் யார் போனாலும் வந்தாலும் அவர் தட்டைப் பார்க்காமல் போக முடியாது.

தட்டில் பேகல். நடுவில் ஓட்டை போட்ட வெளிநாட்டு பன். அதன் மேல் ஒரு ஆஃபாயில்.

"யோவ், தொட்டியில நாலு நாளா தண்ணி ஏறல. அத்த இன்னான்னு போய்க் கேட்டாலாவது நாலு ஓட்டு வுழும். நீ இன்னாடான்னா பன்னுக்கு முட்டைய போத்திகினு குந்திகினு கீற" என்றாள் மனைவி அன்புக்கரசி.

"உனுக்கு இன்னா தெரியும்? செயலாளருன்னா ஒரு ஸ்டேட்டஸ் வோணும். அந்த ஜெயவேலு இட்லியும் வடகறியும் துன்றவன். அவனுக்கு எவன் போடுவான் ஓட்டு?"

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடி குடியிருப்பு சங்கத்துக்குத் தேர்தல். பீம்ராவ் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவர். இந்தத் தடவையும் தோற்றால் இனி நிற்கவே கூடாது என்று அன்புக்கரசி சத்தியம் வாங்கியிருந்தாள். மகள் வேலை பார்க்கும் காபி ஷாப்பில் மிஞ்சிப்போகும் பேகல்தான் அவருடைய ஒரே ஆயுதம்.

அன்றைக்கு மஞ்சள் கரு ஓட்டை வழியாக ஒழுகி லுங்கியில் கோலம் போட்டது. மறுநாள் கலக்கி. அதற்கு மறுநாள் பொடிமாஸ். அப்புறம் அவித்த முட்டையை வட்டம் வட்டமாக நறுக்கி, மேலே மிளகுத்தூள்.

ஐந்தாம் நாள் கீழ் வீட்டு கெங்கம்மா வந்து நின்றாள். அவள் கண்ணைக் காட்டினால் பிளாக்கில் நாற்பது ஓட்டு விழும்.

"தெனமும் இதானா நைனா?"

"இதான்க்கா. இட்லி, தோசையெல்லாம் வுட்டாச்சி. இனிமே காலைல இது மட்டும்தான்."

கெங்கம்மா தட்டையே பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. பொறாமை என்று நினைத்து, பீம்ராவ் இன்னும் கொஞ்சம் மிளகைத் தூவிக்கொண்டார்.

அதிலிருந்து அவருக்கு மரியாதையே வேறு. கைப்பம்பில் வரிசையில் நின்றால், "நீ மொதல்ல புட்ச்சிக்கோண்ணே" என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். எதிர்த்து நிற்கிற ஜெயவேலே அவர் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கி, மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்து வைத்தான்.

"பாத்தியா? எதிர்ல நிக்கிறவனே கொடம் தூக்குறான். எல்லாம் பேகலு பண்ற வேல!" என்றார் மனைவியிடம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எண்ணி முடித்தார்கள். ஜெயவேலுக்கு எழுபத்தெட்டு. பீம்ராவுக்கு ஒன்று. அந்த ஒன்று அவரே போட்டது. அவர் அன்புக்கரசியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேராக கெங்கம்மாவிடம் போனார்.

"இன்னாக்கா இது? வாரம் பூரா அவ்ளோ மரியாத குட்த்தீங்க. ஓட்டு மட்டும் எங்கக்கா போச்சி?"

கெங்கம்மா அவரைக் கையைப் பிடித்துப் படிக்கட்டில் உட்கார வைத்தாள். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"கோச்சிக்காத நைனா. தெனமும் பன்னு துன்னுகினு கீற ஒடம்பு, பதவி வேற தாங்குமா? எந்த ஆஸ்பத்திரியில காட்டுற?"