இன்னொரு மாமியார்

“யாருட்டி நீ? என் பேரப்புள்ளைய ஊசி போட்டுக் கொல்ல வந்தியா?” தாராவியில் நர்ஸ் உடுப்பில் வீடு தேடி வந்த பூமாரியிடம் சீறினாள் கோமதியம்மாள்.

ஏசினால் யாராவது சிரிப்பார்களா? பூமாரி சிரித்தாள்.

“நல்லாவே ஏசுதீய ஆச்சி! குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க.”

கோமதியம்மாளுக்குச் சந்தேகம் கூடியது. ஆனாலும் தண்ணீர் கேட்டவளை விரட்ட மனம் வரவில்லை. அவள் செம்பை எடுக்கத் திரும்பியதும், பூமாரி உள்ளே நுழைந்து தொட்டில் துணியை விலக்கினாள்.

சிரிப்பு நின்றது. குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

“ஆச்சி, ஆஸ்பத்திரிக்குப் போவணும், ஓடி வாங்க!”

பிள்ளையோடு ஓடியவள் பின்னாலேயே கோமதியம்மாளும் ஓடினாள்.

அடுத்த வீட்டு வாசலில், துணிப் பொம்மையை மடியில் வைத்தபடி நர்சிங் டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

“பூமாரி! உன் பரீட்சைக்காக, ஊசி வேண்டாம்னு ஏசுற மாமியார் வேஷம் போட்டு எவ்வளவு நேரமா காத்திருக்கேன்! எந்த வீட்டுக்குப் போனே?”

“நிஜ மாமியார் வீட்டுக்கு டீச்சர்! இது பொம்மையில்ல, டாக்ஸி கூப்பிடுங்க!”